மாநிலங்களவையில் ஒரு பெயர் வழக்கு: அண்ணாவின் நாடாளுமன்ற வாழ்வும் இலக்கியச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

சி. என். அண்ணாதுரை (1909–1969) 1962ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினரானார். சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரிய தனி உறுப்பினர் மசோதா 1963இல் அவ்வவையில் விவாதத்திற்கு வந்தபோது அதனை ஆதரித்து உரையாற்றினார். பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய நூல்கள் அவ்வுரையில் சான்றுகளாயின. மசோதா நிறைவேறவில்லை. எனினும் அண்ணாவின் அரசியல் வாழ்வில் அவ்விவாத நாள் ஒரு திருப்பமாக அமைந்தது. இலக்கியத்தை விசாரணைக்கு உட்படுத்தியவர் இலக்கியத்தையே சாட்சியாக அழைத்த நாள் அது. பிரிவினைக் கோரிக்கையிலிருந்து அரசமைப்பிற்கு உட்பட்ட கோரிக்கைக்கு அவர் நகர்ந்த காலமும் அதுவே. இவ்விரு நகர்வுகளையும் அவரது வாழ்க்கைப் போக்கில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அண்ணா, மாநிலங்களவை, தமிழ்நாடு, தமிழகம், பெயர் மாற்றம், இலக்கியச் சான்று, காஞ்சிபுரம்.

முன்னுரை

அண்ணாவின் வாழ்க்கை வரலாறுகள் அவரை மேடைப் பேச்சாளராகவும் நாடக ஆசிரியராகவும் கட்சித் தலைவராகவும் முதலமைச்சராகவும் விரிவாகக் காட்டுகின்றன. நாடாளுமன்ற உறுப்பினராக அவர் செயல்பட்ட ஆண்டுகள் பெரும்பாலும் 1962 மே மாதக் கன்னிப் பேச்சோடு சுருக்கப்படுகின்றன. அப்பேச்சின் புகழ், அடுத்த ஆண்டு நிகழ்ந்த பெயர் மாற்ற விவாதத்தை மறைத்துவிட்டது. தமிழாய்வு நோக்கில் பார்த்தால் பின்னதே கூடுதல் கவனத்திற்குரியது. பழந்தமிழ்ச் சொல்லாட்சி ஒன்று இந்திய நாடாளுமன்றத்தில் அரசியல் வாதமாக நின்ற நிகழ்வு அது.

காஞ்சியும் கல்வியும்

அண்ணா 1909 செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழிற் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். சிற்றன்னை இராசாமணியின் அரவணைப்பில் வளர்ந்தார். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் பயின்றபின் குடும்ப வறுமை காரணமாகச் சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளியலும் அரசியலும் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மேற்குப் பகுதியே அவரது இளமையின் நிலம். காஞ்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் உள்ளது. அதற்குக் கிழக்கே சேக்கிழாரின் குன்றத்தூர் உள்ளது. ஏரிப் பாசனமும் தறியும் வாழ்வளித்த இத்தொண்டை மண்டலப் பகுதி, சமய இலக்கியப் பெருமரபின் நிலமும் ஆகும். அம்மரபை மறுத்துப் பேசிய பகுத்தறிவு இயக்கத்தின் முதன்மைப் பேச்சாளர் அதே நிலத்திலிருந்து புறப்பட்டது கருதத்தக்கது.

விசாரணையில் இலக்கியம்

1942இல் அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் குறித்து நடந்த பொது விவாதங்களில் ரா. பி. சேதுப்பிள்ளையையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் எதிர்கொண்டார். அவ்விரு நூல்களும் தமிழரின் தன்மானத்திற்கும் சமத்துவத்திற்கும் ஊறு செய்பவை என்பது அவர் வாதம். அவற்றின் கலைச்சுவையை அவர் மறுக்கவில்லை. அச்சுவையே அவற்றின் கருத்தைப் பரப்பும் கருவியாகிறது என்றார். 'தீ பரவட்டும்' என்னும் தலைப்பில் அவ்விவாதம் நூலாகவும் பரவியது.

இங்கு இலக்கியம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலையில் நிற்கிறது. வழக்கறிஞரைப் போல நூற்பகுதிகளை எடுத்துக்காட்டிக் கேள்வி எழுப்பும் முறையை அண்ணா கையாண்டார். நூல் என்ன சொல்கிறது, அது யாருக்குப் பயன்படுகிறது என்ற இரண்டும் அவரது விசாரணையின் அடிப்படைகள். இருபது ஆண்டுகள் கழித்து மாநிலங்களவையில் அவர் கையாண்ட முறை இதன் தொடர்ச்சியே.

மாநிலங்களவை நுழைவு

1949 செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 15 இடங்களைப் பெற்றது. அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றம் சென்றார். 1962இல் கட்சியின் இடங்கள் 50 ஆக உயர்ந்தன. தலைவரோ சொந்த ஊரிலேயே தோல்வியுற்றார். அத்தோல்வியே அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது.

1962 மே 1ஆம் நாள், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது அவர் முதன்முதலாகப் பேசினார். திராவிட இனத்தின் தனித்தன்மையையும் தன்னுரிமையையும் முன்வைத்துத் தென்னாட்டிற்குத் தனி அரசு வேண்டினார். நாட்டின் ஒருமையைக் காக்கும் அவையில் அந்நாட்டிலிருந்து பிரியும் உரிமையைக் கோரிய அப்பேச்சு பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வாண்டிலேயே விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் அண்ணா வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அக்டோபரில் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது பிரிவினைப் பரப்புரையை நிறுத்தி, நாட்டுப் பாதுகாப்பிற்கு ஆதரவளித்தார். 1963 சனவரியில் அரசமைப்பின் 16ஆம் திருத்த மசோதா அவைக்கு வந்தது. தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது அதன் கூறு. அண்ணா அதனை எதிர்த்துப் பேசினார்; மசோதா நிறைவேறியது. அவ்வாண்டிலேயே கழகம் தன் குறிக்கோளை மாற்றிக்கொண்டது.

பெயர் மாற்ற விவாதம் இந்த இடைவெளியில் நிகழ்கிறது. பழைய கோரிக்கை கைவிடப்பட்டுவரும் நிலையில், தமிழரின் தனித்தன்மையை இந்திய அரசமைப்பிற்குள் எவ்வாறு நிறுவுவது என்ற வினா அண்ணாவின்முன் நின்றது.

கோரிக்கையின் முன்வரலாறு

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கேரளம் தன் பெயரைப் பெற்றது. ஆந்திரம் ஆந்திரப் பிரதேசமாக விரிந்தது. தமிழ் பேசும் மாநிலமோ அதன் தலைநகரின் பெயரையே தாங்கி நின்றது. அதற்குச் சில நாள்களுக்கு முன், அக்டோபர் மாதத்தில், பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். காந்திய வழியினரான அவரது உடலைப் பொதுவுடைமைக் கட்சியினர் பெற்று இறுதிச் சடங்கு செய்தனர்.

1957இல் கழகம் சட்டமன்றத்தில் கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம் தோற்றது. 1961இல் அக்கோரிக்கை மீண்டும் எழுந்தபோது காங்கிரசு அரசு இடைவழி ஒன்றைக் கண்டது. தமிழில் எழுதும்போது தமிழ்நாடு என்றும் ஆங்கிலத்தில் பழைய பெயரையும் வழங்கலாம் என்பது அம்முடிவு. வெளிநாடுகளில் அறிமுகமான பெயரை மாற்றுதல் தகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதனால் ஒரே மாநிலத்திற்கு வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக அமைந்தது. அவ்வாண்டிலேயே வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் பெயர் மாற்ற மசோதாவைக் கொண்டுவந்தார். தமிழ் அறியாத ஒருவர் தமிழரின் பெயர்க்கோரிக்கையைச் சட்டவடிவில் முன்மொழிந்தார் என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க கூறு.

1963: விவாத நாள்

நாடாளுமன்றத்தில் அரசின் அலுவலே பெரும்பொழுதை எடுத்துக்கொள்ளும். அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமையின் ஒரு பகுதி ஒதுக்கப்படும். அத்தகைய மசோதா நிறைவேறுவது மிக அரிது. வெற்றி பெற வாய்ப்பில்லை என அறிந்தும் பேசும் உறுப்பினர் அவைக்குறிப்பையும் வருங்காலத்தையும் நோக்கியே பேசுகிறார். அண்ணாவின் உரையை இச்சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

அவர் வாதம் மூன்று படிகளில் அமைந்தது. முதலாவது நிருவாக முரண்: சென்னை என்பது ஒரு நகரின் பெயர், அதனை மாநிலம் முழுமைக்கும் சூட்டுவது பகுதியின் பெயரை முழுமைக்கு வழங்குவதாகும். பிற மாநிலங்களின் பெயர்களும் தலைநகர்ப் பெயர்களும் வேறு வேறாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இரண்டாவது தொன்மை: இப்பெயர் அன்றைய அரசியலார் புனைந்ததன்று என்பதை நிறுவப் பழந்தமிழ் நூல்களின் அடிகளைத் தமிழிலேயே அவையில் கூறி விளக்கினார். மூன்றாவது பயன்: பெயர் மாற்றத்தால் கிடைப்பது என்ன என்ற வினாவிற்கு, அவையின் பெயரையே கொண்டு விடையளித்தார். 1954இல்தான் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் லோக் சபை, ராஜ்ய சபை என்னும் இந்திப் பெயர்களைப் பெற்றிருந்தன. அம்மாற்றத்தால் எது கிடைத்ததோ அதுவே இதனாலும் கிடைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். மறுப்போர் தாம் செய்த பெயர் மாற்றத்தை விளக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

சான்றுகளின் இயல்பு

அண்ணா சுட்டிய நூல்களைப் பாடநோக்கில் ஆராயும்போது சில வேறுபாடுகள் புலனாகின்றன. 'தமிழ்நாடு' என்னும் சொல்வடிவம் மதுரையைப் போற்றும் பரிபாடல் திரட்டுப் பகுதியில் உள்ளது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்திலும் அது இடம்பெறுகிறது. பதிற்றுப்பத்திலும் மணிமேகலையிலும் காணப்படுவது 'தமிழகம்' என்னும் வடிவம். பதிற்றுப்பத்தில் அச்சொல் பதிகத்தில் வருகிறது. பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தால் பிற்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே இச்சான்றுகள் ஒரே காலத்தவை அல்ல; ஒரே சொல்லைச் சுட்டுவனவும் அல்ல.

மேலும், பழந்தமிழ் நிலம் மூவேந்தராலும் குறுநில மன்னராலும் ஆளப்பட்டது. தமிழ்நாடு என்பது அக்காலத்தில் ஓர் அரசின் பெயராக இருந்ததில்லை. அரசுகளைக் கடந்து மொழியால் ஒன்றுபட்ட நிலப்பரப்பின் பெயராகவே அது வழங்கியது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்திற்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தை மொழி கொண்டே வரையறுக்கிறது. இந்த உண்மை அண்ணாவின் வாதத்தைத் தளர்த்துவதுபோல் முதலில் தோன்றலாம். மொழிவழி மாநிலம் என்ற புதிய அமைப்பின் பின்னணியில் நோக்கினால் அது வாதத்திற்கு வலுவே சேர்க்கிறது. அரசால் அன்றி மொழியால் அமைந்த நிலத்திற்கு வழங்கிய பெயர், மொழியை அடிப்படையாகக் கொண்டு 1956இல் வரையப்பட்ட மாநிலத்திற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

1943இல் நூல்களின் கருத்தை விசாரித்த அண்ணா, 1963இல் நூல்களின் சொல்லாட்சியைச் சாட்சியாக்கினார். இரண்டிலும் இலக்கியம் அவருக்குப் பொதுவாழ்வின் ஆவணம். அக்கருத்தில் மாற்றமில்லை, ஆவணம் நிறுவ வேண்டிய செய்திதான் மாறியது.

தோல்வியிலிருந்து சட்டம் வரை

மசோதா நிறைவேறாமற்போனதன் காரணம் கட்சிப் பெரும்பான்மை மட்டுமன்று. அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு உரியது. எனினும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்பட வேண்டும். சட்டமன்றப் பெரும்பான்மை எதிர்நிலையில் இருந்த காலத்தில் தில்லியில் தொடங்கும் முயற்சிக்கு அரசியல் வலிமை இல்லை.

1967இல் வரிசை மாறியது. அவ்வாண்டு மார்ச்சில் முதலமைச்சரான அண்ணா, சூலை 18ஆம் நாள் சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானத்தை முன்மொழிந்தார். முன்னர் எதிர்த்த காங்கிரசும் ஆதரிக்க, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ரோமன் எழுத்தில் பெயரை எழுதும்போது இறுதி உகரம் வேண்டுமா என்ற வினாவும் எழுந்தது. உகரம் வேண்டும் என ம. பொ. சிவஞானம் வலியுறுத்தினார். நாடு என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரச் சொல் தன் ஈற்றொலியோடு சட்டத்தில் இடம்பெற்றது. 1968இல் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நோயுற்றிருந்த அண்ணா அதன்பின் இருபது நாள்களே வாழ்ந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

முடிவுரை

ஆய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. மாநிலங்களவையில் அண்ணாவின் பங்களிப்பை 1962 கன்னிப் பேச்சை மட்டும் கொண்டு அளவிடுதல் பொருந்தாது. நிறைவேறத்தக்க கோரிக்கையை அரசமைப்பின் மொழியில் அவர் அமைத்த உரை 1963இல் நிகழ்ந்தது.

2. 1943ஆம் ஆண்டு விவாதங்களில் அவர் பயின்ற வழக்காடு முறையே மாநிலங்களவை உரையிலும் செயல்பட்டது.

3. அவர் சுட்டிய இலக்கியச் சான்றுகள் காலத்தாலும் சொல்வடிவாலும் வேறுபட்டவை. ஆயினும் மொழியால் அமைந்த நிலம் என்ற பொதுக்கருத்தில் அவை ஒன்றுபடுகின்றன. வாதத்தின் உண்மையான வலிமை அங்குள்ளது.

4. வெளிநாடுகள் அறிந்த பெயரை மாற்றலாகாது என்ற மறுப்பிற்குக் காலம் விடையளித்துள்ளது. 1957இல் கோல்டு கோஸ்ட் கானாவாக மாறியபின்னும் உலகம் அதனை ஏற்றது. அண்ணாவின் காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று உருவாகும் ஊர்திகளும் மின்னணுப் பொருள்களும் உலகச் சந்தைக்குச் செல்கின்றன. அத்தொழில்களை ஈர்த்த மாநிலம் உலக முதலீட்டாளருக்குத் தமிழ்நாடு என்ற பெயராலேயே அறிமுகமாகியுள்ளது.

நிறைவேறாத மசோதாக்களும் அவைக்குறிப்புகளில் உறங்கும் உரைகளும் தமிழ்ச் சொல் வரலாற்றுக்குத் தரவுகளாகக் கூடியவை. நாடாளுமன்றத்தில் தமிழ் உறுப்பினர்கள் இலக்கியத்தை எடுத்தாண்ட முறைகளைத் தொகுத்து ஆராய்வது மேலாய்வுக்குரிய களமாகும்.