சங்கரதாஸ் சுவாமிகள்

தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் இசை நாடகங்களை எழுதியவரும் நாடக ஆசிரியரும் ஆவார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார். தெருக்கூத்துக் களத்திலிருந்து திரைச்சீலை மேடைக்குத் தமிழ் நாடகம் மாறிய காலத்தில் வாழ்ந்தவர் இவர்.

வாழ்க்கை

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கராக இருந்து, 24ஆம் வயதில் நாடகத் துறைக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் நடித்தார். இவ்வேடங்களின் கொடுமையைக் கண்டு அஞ்சிய பெண்கள் இருவருக்கு நேர்ந்த துன்பம் இவரை உலுக்கியது என்றும், அதனாலேயே நடிப்பதை விட்டு ஆசிரியரானார் என்றும் கூறுவர்.

மேடையும் திரையும்

கடலூர், விழுப்புரம் பகுதிகளில் வழங்கும் தெருக்கூத்தில் காட்சியமைப்பு என்று தனியே எதுவும் இல்லை. இருவர் பிடிக்கும் சிறு திரைக்குப் பின்னிருந்து வேடதாரி வெளிப்படுவார், அவ்வளவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் வண்ணம் தீட்டிய படுதாக்களும் பக்கத் திரைகளும் இங்கு வந்தன. தெரு, அரசவை, பூந்தோட்டம், காடு எனச் சில படுதாக்களே எல்லாக் கதைகளுக்கும் போதுமானவையாக இருந்தன. வள்ளியின் தினைப்புனத்துக்கும் தமயந்தி கைவிடப்பட்ட காட்டுக்கும் ஒரே படுதாதான்.

சுவாமிகளின் நாடகங்களை இப்பின்னணியில் படிக்க வேண்டும். படுதா காட்டாததை அவருடைய பாடல் காட்டியது. இடம், பொழுது, பாத்திரத்தின் மனநிலை ஆகிய யாவும் பாட்டிலேயே அமைந்தன. பாடல்கள் மிகுதி என்ற குறை இவர்மீது சொல்லப்படுவதுண்டு; அவற்றை நீக்கினால் மேடையில் எஞ்சுவது ஒரு துணி மட்டுமே. ஏறத்தாழ இதே காலத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடோல்ப் ஆப்பியா (1862 - 1928), ஐரோப்பிய இசை நாடகமான ஆப்பெராவில் தீட்டிய திரைகளை அகற்றி, ஒளியையும் படிக்கட்டுகளையும் கொண்டு மேடையை அமைக்க வேண்டும் என்று வாதிட்டு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததற்குச் சான்று இல்லை.

சபைகள்

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். இப்பெயர் வடலூர் வள்ளலாரின் சங்கத்தை நினைவூட்டுவது. (வள்ளலார் 1872இல் அமைத்த சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கிச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது.) எஸ். ஜி. கிட்டப்பா இச்சபையில் பயின்றார். பின்னர் அவர் சேர்ந்த கன்னையா கம்பெனி காட்சி ஆடம்பரத்துக்குப் பெயர் பெற்றது. அங்கு மேடை பாட்டோடு போட்டியிடத் தொடங்கியது எனலாம். நவாப் இராசமாணிக்கத்தின் தந்திரக் காட்சிகள் அதன் அடுத்த கட்டம். பிற்காலத்தில் நாட்காட்டிப் படங்களால் புகழ்பெற்ற ஓவியர் கொண்டையராஜுவும் நாடகக் குழுவுக்குக் காட்சித் திரை வரைந்தவரே.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் இதில் சிறுவர்களாகச் சேர்ந்தனர். சிறுவனாயிருந்த டி. கே. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாகக் கூறப்படுகிறது.

இறுதிக் காலம்

1921இல் வாத நோய் தாக்கியது. கை, கால் செயலிழந்ததுடன் பேச்சும் நின்றது. நூற்றுக்கணக்கான பாடல்களைச் சிறுவர்களுக்கு வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்தவருக்கு இது பேரிழப்பு. ஆயினும் சபையை விட்டுப் பிரியவில்லை. அது சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது அங்கேயே காலமானார். இவரது சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ளது.