அணுக்களை எண்ண வழிகாட்டியவர்
இத்தாலியின் தூரின் நகரில் 1776 ஆம் ஆண்டு பிறந்தவர் அவகாட்ரோ. சட்டம் பயின்ற அவர், அறிவியலில் கொண்ட பற்றினால் இயற்பியல் ஆசிரியரானார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என 1811 இல் அறிவித்தார். இரு பங்கு ஹைட்ரஜன் ஒரு பங்கு ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஆகவே, நீர் மூலக்கூறு ஒன்றில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் உள்ளன என்பது அவர் கண்ட முடிவு. அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1856 இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கனிசாரோ என்னும் அறிஞர் எடுத்துரைத்தபோதே அக்கருத்தின் அருமை புலப்பட்டது. 18 கிராம் நீர் ஒரு மோல் ஆகும், அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. ஹைட்ரஜன் அணுக்களோ அதைப்போல் இரு மடங்கு. அந்த எண் இன்று அவகாட்ரோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.