இராஜாஜியும் அணு ஆயுத எதிர்ப்பும்

இராஜாஜி என அழைக்கப்படும் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், எழுத்தாளரும், அரசியல்வாதியும் ஆவார். இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநரான இவர், அப்பதவியை வகித்த ஒரே இந்தியரும் ஆவார். தமது பிற்காலத்தில் அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிராகப் பரப்புரை செய்தார். 1964 இல் சீனா அணுகுண்டு வெடித்த பின்னரும் இந்தியா குண்டு செய்யலாகாது என்ற கருத்தில் உறுதியாக இருந்தார்.

பிறப்பும் இளமையும்

இராஜாஜி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1965 இல் உருவான தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்றபின் சென்னையில் சட்டம் படித்து, 1900 ஆம் ஆண்டு முதல் சேலத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். அறிவியலைத் தமிழில் சொல்வதில் ஆர்வம் கொண்டிருந்த இவர், 1916 இல் தமிழ் அறிவியல் கலைச்சொல் சங்கம் அமைவதற்குக் காரணமானார். வேதியியலை எளிய தமிழில் விளக்கும் திண்ணை இரசாயனம் என்ற நூலையும் எழுதினார்.

அரசியல் பதவிகள்

1930 இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கினார். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியத் தலைமை ஆளுநராகவும், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சராகவும் பதவி வகித்தார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார்.

அணுச் சோதனைகளுக்கு எதிர்ப்பு

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினித் தீவில் நீரியக் குண்டைச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீது விழுந்தது. போர் நடவாத காலத்திலும், குண்டு வைத்திராத நாட்டு மக்களையும் இவ்வாயுதம் தாக்கும் என்பது இதனால் வெளிப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய இராஜாஜி, பின்னர் இச்சிக்கல் குறித்துத் தொடர்ந்து எழுதினார். எதிரி கைவிடட்டும் என்று காத்திராமல், ஒரு நாடு தானே முன்வந்து அணு ஆயுதத்தைத் துறக்க வேண்டும் என்பது இவரது கருத்தாகும்.

கென்னடியுடன் சந்திப்பு

1961 இல் சோவியத் ஒன்றியமும், 1962 இல் அமெரிக்காவும் வளிமண்டலச் சோதனைகளை மீண்டும் நடத்தின. 1962 செப்டம்பரில் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று இராஜாஜி அமெரிக்கா சென்றார். அப்போது இவருக்கு வயது 83. மேலைநாடு ஒன்றுக்கு இவர் சென்றது இதுவே முதன்முறையாகும். வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியைச் சந்தித்து, சோதனைகளை நிறுத்துமாறு வலியுறுத்தினார். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. நிலத்தடியில் நடப்பவை தவிர்த்த மற்ற அணுச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. இந்தியா அதில் இணைந்தது, சீனா இணையவில்லை.

சீனாவின் குண்டும் இந்தியாவின் விவாதமும்

1962 அக்டோபரில் இந்தியாவுடன் போரிட்ட சீனா, இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 16 அன்று லோப் நூர் பகுதியில் தனது முதல் அணுகுண்டை வெடித்தது. 1966 இல் அணுகுண்டு பொருத்திய ஏவுகணையையும், 1967 இல் நீரியக் குண்டையும் சோதித்தது. இதற்கு எவ்வாறு ஈடுகொடுப்பது என்பது குறித்து இந்தியாவில் கடும் விவாதம் எழுந்தது. இந்தியாவும் குண்டு செய்ய வேண்டும் என ஜனசங்கம் கோரியது. அணுகுண்டுக்கு அதிகச் செலவாகாது என அறிவியலாளர் ஹோமி பாபா வானொலியில் பேசினார். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குண்டு செய்வதை ஏற்கவில்லை. எனினும் அமைதிப் பயன்பாட்டுக்கான வெடிப்பு குறித்த ஆய்வுக்கு இசைந்தார்.

இராஜாஜி ஜனசங்கத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் சீன அச்சுறுத்தலை அவர் சிறிதாக எண்ணவில்லை. அணிசேராக் கொள்கையை விடுத்து மேலை வல்லரசுகளுடன் பாதுகாப்பு உறவு கொள்ள வேண்டும் என்றும், பாகிஸ்தானுடன் காஷ்மீர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கருதினார். 1964 மே மாதத்தில் ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து இவரைச் சந்தித்தார். 1959 இல் இவர் நிறுவிய சுதந்திராக் கட்சியும் மேலைநாடுகளுடனான உறவையே வலியுறுத்தியது.

இந்நிலைப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மேலை வல்லரசுகளின் பாதுகாப்பு என்பது இறுதியில் அவற்றின் அணு ஆயுதங்களையே சார்ந்தது. அணு ஆயுதத்தை அறவே மறுத்தவர், பிறருடைய அணு ஆயுதத்தின் நிழலை நாட வேண்டியதாயிற்று. மேலும், அத்தகைய உறுதியான காப்பு இந்தியாவுக்குக் கிடைக்கவும் இல்லை. சாஸ்திரி 1964 இறுதியில் இலண்டனில் இதுபற்றிப் பேசியும் பயன் விளையவில்லை. 1968 இல் உருவான அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை.

மறைவு

இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். சுமார் 17 மாதங்கள் கழித்து, 1974 மே 18 அன்று, பொக்ரானில் இந்தியா தனது முதல் அணு வெடிப்பை நடத்தியது. 1998 மே மாதத்தில் மீண்டும் சோதனைகள் நடத்தித் தன்னை அணு ஆயுத நாடாக அறிவித்தது. தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது.