மரத்துக்கு ஒரு கணக்கு, ஜனாதிபதிக்கு ஒரு கணக்கு: அஷ்ரப் விட்டுச்சென்ற தேர்தல் பாடம்

தேர்தல் ஒன்று வந்துவிட்டால் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும், பள்ளிவாசல் முற்றத்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரே வாக்குவாதம்தான். வெல்ல மாட்டார் என்று தெரிந்தும் மனதுக்குச் சரியானவருக்குப் போடுவதா? அல்லது வெல்லக்கூடிய இருவரில் நமக்குக் குறைந்த கெடுதி செய்பவருக்குப் போடுவதா? முதலாவதைச் சொன்னால் வாக்கை வீணாக்குகிறாய் என்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்பார்கள். இரண்டு கெடுதிகளில் இலேசானதைத் தெரிவு செய்யலாம் என்ற சட்டவிதியை நம் உலமாக்கள் வழியாக நாம் அறிந்திருப்பதால், பலருக்கு இது மார்க்கக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஒருவர் நம்மிடையே இருந்தார். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவரைப் புகழ்கிறோம், துஆச் செய்கிறோம். அவர் போட்ட கணக்கை மட்டும் யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியானவர் அவர். கவிதையும் எழுதினார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் முஸ்லிம் அரசியலுக்கு ஒரே பாதைதான் இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியில் சேர வேண்டும், அல்லது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியில் சேர வேண்டும். அந்தப் பாதையை முற்றாகக் குறை சொல்வது நியாயமல்ல. கலாநிதி பதியுதீன் மஹ்மூத் 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது நம் ஊர்களில் எத்தனை பேர் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள் என்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் மறக்க முடியாது. ஆனால் அந்தப் பாதையில் ஒரு குறை இருந்தது. அமைச்சர் பதவி போனால் எல்லாம் போயிற்று. கட்சித் தலைமை சமூகத்துக்கு எதிராக முடிவெடுத்தால், உள்ளே இருந்த நம்மவர் கையுயர்த்த வேண்டும் அல்லது வெளியேற வேண்டும்.

1977இல் அஷ்ரப் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார். முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியில் முன்னின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர். அந்த அமைப்பு தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து, உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்களை நிறுத்தியது. அவர்களில் ஒருவரும் வெல்லவில்லை. கல்முனையில் ஐ.தே.க.வின் ஏ.ஆர். மன்சூர் வென்றார். கிழக்கின் முஸ்லிம் வாக்காளர் அந்தப் பரிசோதனையை ஏற்கவில்லை. அப்போது அஷ்ரபுக்கு வயது 28. பெரும்பான்மைக் கட்சியின் நிழலுக்குப் பதிலாக இன்னொரு பெரிய கட்சியின் நிழலைத் தேடுவது தீர்வாகாது என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது. கிழக்கின் இனக்கலவரங்களுக்குப் பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்திருந்த அஷ்ரப் 1986இல் அதன் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டு இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்தது. முஸ்லிம்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. இரு பெரும் கட்சிகளிலும் முஸ்லிம் பிரமுகர்கள் இருந்தும் சமூகத்தின் குரல் அந்த மேசையில் இல்லை. தனிக்கட்சி தேவை என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியிருக்கவில்லை.

எதிர்வாதமும் பலமானது. நாடு முழுவதும் 100க்கு 8 பேர்கூட இல்லாத சமூகம் தனித்துக் கேட்டால் என்ன கிடைக்கும்? வாக்குச் சிதறும், பெரும்பான்மையின் கோபம்தான் மிஞ்சும் என்றார்கள் மூத்தவர்கள். கேலியும் செய்தார்கள். 1988 நவம்பரில் நடந்த வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல் பதில் சொன்னது. உயிரச்சுறுத்தல் சூழ்ந்திருந்த அந்தத் தேர்தலில் மரச் சின்னம் 17 ஆசனங்களைப் பெற்றது. 71 பேர் கொண்ட சபையில் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

ஆனால் பாராளுமன்றத்துக்கான கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு மாவட்டத்தில் 12.5 சதவீத வாக்குப் பெறாத கட்சி ஆசனப் பங்கீட்டிலேயே சேர்க்கப்படாது என்று விதித்தது. இதைத்தான் வெட்டுப்புள்ளி என்கிறோம். அம்பாறையில் இதைத் தாண்டலாம். கொழும்பிலும் கண்டியிலும் குருநாகலிலும் சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு அது ஏற முடியாத மதில். அங்கெல்லாம் சிறிய கட்சிக்கு இடும் வாக்கு உண்மையாகவே வீண்தான். வாக்கு வீணாகும் என்று சொன்ன மூத்தவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

அஷ்ரப் அந்தச் சட்டத்தையே குறி வைத்தார். 1988 டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். ஐ.தே.க. சார்பில் அன்றைய பிரதமர் ரணசிங்க பிரேமதாச, சுதந்திரக் கட்சி சார்பில் சிறிமாவோ பண்டாரநாயக்க, மூன்றாமவராக ஒஸீ அபேகுணசேகர. அஷ்ரப் தானும் களத்தில் இறங்கி ஒரு நான்காம் இடத்தைத் தேடிக்கொள்ளவில்லை. அமைச்சுப் பதவியையும் கேட்கவில்லை. பிரேமதாசவிடம் அவர் கேட்ட விலை, வெட்டுப்புள்ளியை 12.5இலிருந்து 5 சதவீதமாகக் குறைப்பது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் வைத்திருந்த ஐ.தே.க.வால் அதை உடனே செய்ய முடியும். அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் டிசம்பர் 17ஆம் திகதி சட்டமானது. வாக்களிப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

நம் சமூகம் வியாபாரச் சமூகம். கடனுக்குச் சரக்கைக் கொடுப்பதற்கும் காசை எண்ணி வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். அன்று வாக்குப் பெட்டி திறக்கப்படும் முன்னரே விலை கைக்கு வந்துவிட்டது.

அந்தத் தேர்தலில் பிரேமதாச பெற்றது 50.43 சதவீதம். சிறிமாவோ பெற்றது 44.95 சதவீதம். வெற்றிக்குத் தேவையான அரைவாசியைப் பிரேமதாச தாண்டியது சுமார் 22,000 வாக்குகளால்தான். முஸ்லிம் வாக்கு மட்டுமே அவரை வெல்லவைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரு சிறிய கட்சியின் ஆதரவுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை அஷ்ரப் முன்கூட்டியே கணித்திருந்தார் என்றுதான் சொல்கிறேன். 1989 பெப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களோடு பாராளுமன்றம் சென்றது. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு கணக்கு, பொதுத் தேர்தலில் இன்னொரு கணக்கு. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

இதன் எல்லையையும் சொல்லாவிட்டால் அது வரலாறாகாது. அஷ்ரப் ஆதரித்த அதே ஜனாதிபதியின் ஆட்சிக் காலத்தில்தான், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக விரட்டப்பட்டார்கள். 4 ஆசனங்களால் குரலெழுப்ப முடிந்தது, தடுக்க முடியவில்லை. குறைந்த கெடுதி என்று ஒருவரைத் தெரிவு செய்வது நமக்குக் காவலாகிவிடாது. வாக்குக்கு விலை பேசலாம், உயிருக்கு உத்தரவாதம் பேச முடியாது என்ற கசப்பை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

1994இல் அவர் திசை மாறினார். 17 ஆண்டுகால ஐ.தே.க. ஆட்சி ஆட்டங்கண்டிருந்த வேளையில், தேர்தலுக்கு முன்னரே சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். வடக்கு, கிழக்கில் மரச் சின்னத்தில் தனித்துப் போட்டி, வெளியே பொதுஜன ஐக்கிய முன்னணியோடு கூட்டு. முடிவு வந்தபோது பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். ஆட்சியமைக்க 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் 7ஐயும், நுவரெலியாவிலிருந்து வந்த மலையகத் தலைவர் சந்திரசேகரனின் ஒன்றையும் சேர்த்தால் சரியாக 113. ஒரு கை குறைந்தாலும் அரசாங்கம் இல்லை.

கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார் அஷ்ரப். துறைமுக அதிகார சபையில் கிழக்கின் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. என்னிடம் ஆசிரியர் பயிற்சி பெற வருகின்ற பிள்ளைகளில் பலருடைய அக்காமார் அங்கே பட்டம் பெற்றவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இல்லாவிட்டால் தூர ஊருக்கு அனுப்ப வாப்பாமார் சம்மதித்திருப்பார்களா என்று சில வேளை யோசிப்பேன்.

இருந்தும் அமைச்சுப் பதவியின் ருசி கட்சிக்குள் புகுந்ததும் அந்த நாட்களில்தான். சமூகத்துக்காகப் பேசப்பட வேண்டிய விலை, தனியாட்களுக்கான விலையாகச் சுருங்கும் ஆபத்து அங்கேயே தொடங்கியது. ஓரினக் கட்சி ஒன்றின் எல்லையை அஷ்ரபே உணர்ந்திருக்க வேண்டும். கடைசிக் காலத்தில் எல்லாச் சமூகங்களையும் சேர்த்துத் தேசிய ஐக்கிய முன்னணி என்ற இன்னொரு கட்சியை அவர் உருவாக்கியது சும்மா அல்ல.

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் எனக்கு. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்தது என்று வானொலி சொன்னது. ஊர் முழுக்கக் கடைகளை அடைத்துவிட்டார்கள். என் உம்மா அழுதுகொண்டே இருந்தார். பொதுத் தேர்தலுக்கு மூன்றரை வாரம்தான் இருந்தது. அவருக்கு 52 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதன் பின் கட்சி எத்தனை துண்டானது, யார் யார் எந்த அரசாங்கத்தில் எந்தக் கதிரையில் அமர்ந்தார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது தேநீர்க் கடைக் கேள்விக்கு வருவோம். அஷ்ரபின் வாழ்க்கையிலிருந்து எனக்குத் தெரிவது மூன்று விடயங்கள்.

ஒன்று, கேள்வியே தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பொதுத் தேர்தலில் 5 சதவீதத்தைத் தாண்டும் சிறிய கட்சி ஆசனப் பங்கீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவர்தான் வெல்வார். ஆனால் அங்கும் சட்டம் நமக்கு 1, 2, 3 என்று விருப்பு வாக்கிட இடம் தந்திருக்கிறது. மனதுக்குச் சரியானவருக்கு 1, குறைந்த கெடுதி என்று கருதுபவருக்கு 2. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. முதல் இருவர் அல்லாத வேட்பாளர்களுக்குச் சுமார் 33 இலட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றிலிருந்து முதல் இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்புகள் 2 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களின் வாக்குச்சீட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. இதை வாக்காளர் கல்வியில் நாம் விட்ட பிழை என்றே ஓர் ஆசிரியனாகச் சொல்வேன்.

இரண்டு, குறைந்த கெடுதிக்கு ஆதரவு கொடுப்பதானால் விலையைத் தேர்தலுக்கு முன்னர், பகிரங்கமாகப் பேச வேண்டும். அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார் என்று பயத்தில் இடப்படும் வாக்குக்கு யாரும் விலை தரமாட்டார்கள். அது எப்படியும் வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். தனியாக நிற்கத் தயாராக இருந்தபடியால்தான் அஷ்ரபோடு பேச வந்தார்கள்.

மூன்று, கேட்கும் விலை எல்லோருக்கும் பயன்படுவதாக இருக்க வேண்டும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3.16 சதவீதம். அன்று அவருக்கு வாக்களித்தவர்களையும் வாக்கை வீணாக்கியவர்கள் என்றுதான் சொன்னார்கள். 2020இல் கொழும்பு மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 5.72 சதவீதம். அதனால் அவர் பாராளுமன்றம் சென்றார். 4 ஆண்டுகளில் ஜனாதிபதியானார். பழைய 12.5 வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் கொழும்பில் அந்த ஆசனம் இல்லை. கல்முனையில் வளர்ந்த ஒரு முஸ்லிம் சட்டத்தரணி தன் சமூகத்துக்காகத் திறந்த கதவு வழியாகத்தான் அநுர பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். அது நல்லதா கெட்டதா என்பது அவரவர் அரசியல். கதவு எல்லோருக்கும் திறந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த முறை வேட்பாளர் ஒருவர் ஊருக்கு வரும்போது, மாலையோடு நிற்பவர்கள் பக்கத்தில் ஒரு கேள்வித்தாளோடும் சிலர் நிற்கட்டும். என்ன தருவீர்கள், எப்போது தருவீர்கள், சட்டமாகத் தருவீர்களா என்று கேட்கட்டும். மர்ஹூமுடைய கப்று விசாலமாக வேண்டும் என்று துஆக் கேட்கும் நாம், அவர் போட்ட கணக்கையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.