தங்கைக்குத் தைத்த செருப்பு

கண்ணாடிப் பெட்டிக்குள் நகைகளை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருப்புகளை வைத்துப் பார்த்தது உண்டா?

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில், ஒரு பழைய மாளிகையில் அப்படி ஒரு காட்சிசாலை இருக்கிறது. அந்தச் செருப்புகளைப் படைத்தவர் பெயர் சல்வடோர் பெரகாமோ.

ஏழைக் குடும்பம்

பெரகாமோ 1898-ம் ஆண்டு, தெற்கு இத்தாலியில் உள்ள பொனிட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு 14 பிள்ளைகள். அவர் 11-வது பிள்ளை.

அவ்வூரில் ஒரு செருப்புக் கடை இருந்தது. சிறுவன் அங்கேயே பழியாய்க் கிடந்தான். பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. செருப்புத் தைப்பது மிகத் தாழ்ந்த தொழில் என்பது ஊரார் எண்ணம். மகனைத் தடுத்தார்கள்.

ஒரே இரவில்

அவனுக்கு 9 வயது. தங்கை மாதா கோவிலில் முதல் நற்கருணை பெறும் நாள் வந்தது. வெள்ளைச் செருப்பு அணிய வேண்டும். வாங்கப் பணம் இல்லை. தாயார் கலங்கினார்.

சிறுவன் செருப்புக் கடைக்கு ஓடினான். கொஞ்சம் வெள்ளைத் துணி, அட்டை, ஆணி, பசை கேட்டு வாங்கி வந்தான். எல்லோரும் உறங்கியபின் விடிய விடிய வேலை செய்தான்.

காலையில் அழகிய குட்டிச் செருப்புகள் தயார்! தங்கை தலைநிமிர்ந்து கோவிலுக்குப் போனாள். பிறகு பெற்றோர் தடுக்கவில்லை.

அமெரிக்காவில்

பதினாறு வயதைத் தாண்டுமுன் பெரகாமோ அமெரிக்கா சென்றார். சினிமாப் படங்களுக்குப் பூட்சு தைத்துக் கொடுத்தார். 1923-ல் ஹாலிவுட்டில் கடை திறந்தார். நட்சத்திரங்கள் தேடி வந்தனர்.

அழகான செருப்பு ஏன் காலைக் கடிக்கிறது? விடை காண, கல்லூரியில் உடற்கூறு படித்தார். நிற்கும்போது உடலின் பாரம் பாதத்தின் வளைவில் இறங்குகிறது என்று அறிந்தார். அந்த இடத்தைத் தாங்கச் சிறு எஃகுத் தகடு வைத்தார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1927-ல் தாய்நாடு திரும்பி பிளாரன்சில் தொழில் தொடங்கினார். அமெரிக்காவில் பணமுடை ஏற்பட்டு வியாபாரம் படுத்தது. 1933-ல் திவால் ஆனார்!

மனம் தளரவில்லை. மீண்டும் உழைத்தார். 1935-ல் இத்தாலி அபிசீனியா மீது படையெடுத்தது. மற்ற நாடுகள் வியாபாரத் தடை விதித்தன. நல்ல எஃகு கிடைக்கவில்லை. பெரகாமோ தக்கையை எடுத்தார். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள வெளியைத் தக்கையால் நிரப்பினார். இன்று பெண்கள் அணியும் தக்கைக் குதி செருப்பு அப்படிப் பரவியதுதான்.

தோல் கிடைக்காத காலத்தில், மிட்டாய் சுற்றும் கண்ணாடிக் காகிதத்தில் செருப்புச் செய்தார். 1947-ல் மெல்லிய நைலான் நூலால் கண்ணுக்குத் தெரியாத செருப்புச் செய்து அமெரிக்காவில் பரிசு பெற்றார்.

மாளிகை

1938-ல் 13-ம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை விலைக்கு வாங்கினார். மரிலின் மன்றோ போன்றவர்களின் கால் அளவுக்கு மர அச்சுகள் செய்து வைத்திருந்தார்.

1960-ல், 62-வது வயதில் காலமானார். அதுவரை வீட்டைக் கவனித்து வந்த மனைவி வாண்டா, 6 பிள்ளைகளுடன் தொழிலை ஏற்று நடத்தினார்.

1995-ல் அந்த மாளிகையிலேயே காட்சிசாலை அமைந்தது. எந்தத் தொழில் குடும்பத்துக்கு அவமானம் என்று பெற்றோர் அஞ்சினார்களோ, அந்தத் தொழிலால் குடும்பத்தின் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது.