மெய்கண்ட தேவர்

இறைவனும் உயிரும் ஒன்றா, இரண்டா? இக் கேள்விக்குத் தெளிவான விடை கண்ட பெரியார் மெய்கண்ட தேவர். காலம் கி. பி. 13ஆம் நூற்றாண்டு.

திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தினார். அவருடைய குலகுரு சகலாகம பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தபோது, ஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. அதனைத் திருவருட் குறிப்பாகக் கொண்டு திருவெண்காட்டிலே வழிபட்ட பெற்றோர் ஆண்மகவைப் பெற்றனர். சுவேதவனப்பெருமாள் எனப் பெயரிட்டனர்.

குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்தில் வளர்ந்தது. அங்கே பரஞ்சோதி முனிவர் ஞானோபதேசஞ் செய்து, மெய்கண்டார் என்னும் திருநாமஞ் சூட்டியருளினார். பொல்லாப் பிள்ளையார் சந்நிதியிலே உபதேசப் பொருளைச் சிந்தித்துத் தெளிந்த அப்பிள்ளை, மாணாக்கர் பலருக்கு ஆசிரியரானார். அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. ஆயினும் சைவசித்தாந்தம் முழுவதும் அதனுள் அடங்கும்.

அத்துவிதம் என்னுஞ் சொல் இறைவனும் உயிரும் ஒரே பொருள் என்று கூறவில்லை. இரண்டும் பிரிவின்றி நிற்பதையே கூறுகின்றது என்று அவர் காட்டினார். உடலும் உயிரும் போலக் கலப்பினால் ஒன்று; கண்ணும் சூரியனும் போலப் பொருட்டன்மையால் வேறு; கண் காணும்போது உயிரின் அறிவும் கூடநின்று காண்பதுபோல உடனாதல். உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாகும். ஆணவத்தைச் சார்ந்தால் இருள். சிவத்தைச் சார்ந்தால் ஒளி.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்கவில்லை. ஆகமங்களைக் கரைகண்ட சகலாகம பண்டிதர், தம் மாணாக்கரும் அச் சிறுவரிடம் செல்வது கண்டு பொறாராய் ஒருநாள் அங்கே வந்தார். ஆணவத்தின் வடிவம் யாதென்று நின்றபடியே வினாவினார். மெய்கண்டார் வாய்திறவாது, அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். தாம் நின்ற நிலையே விடை என்று பண்டிதர்க்கு விளங்கிற்று. அக்கணமே அடிபணிந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினார். பின்னர்ச் சிவஞான சித்தியாரை இயற்றினார்.

அன்று மகவு வேண்டி ஏடு பார்த்துக் கொடுத்த குலகுரு, அம்மகவுக்கே மாணாக்கரானார். முதுமையும் கல்வியும் அதற்குத் தடையாகவில்லை. தடையாயிருந்த செருக்கோ ஒரு பார்வையிலே நீங்கிற்று.

இளைஞர்களே! ஐப்பசிச் சுவாதியில் மெய்கண்டார் குருபூசையைக் கொண்டாடும்போது இதனை நினைமின். நாமே கடவுள் என்று இறுமாத்தலும் தவறு. கடவுள் நமக்கு எட்டாதவர் என்று சோர்தலும் தவறு. அவர் நம்மோடு உடனிருக்கின்றார். நம்மை மறைக்கும் ஆணவத்தை அறிந்து பணிதலே அவரைச் சாரும் வழியாகும்.