உழைப்பாளர் இல்லத்திற்கு நேரம் தந்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவர் சதாராவில் அத்தையின் பராமரிப்பில் வளர்ந்தார். படையிலிருந்து ஓய்வு பெற்ற தந்தையார் இராம்ஜி, பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையளிக்க அரசு ஏரி வெட்டிய தொலைவிடத்தில் காசாளராகப் பணியாற்றினார். பிழைப்பு ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என்ற நிலை.

1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் தந்தையைக் காணும் ஆவலோடு பிள்ளைகள் மசூர் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கினர். முன்னர் எழுதிய கடிதம் தந்தையின் கைக்குச் சேராததால் அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. சாதியறிந்த வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரட்டிப்பு வாடகை கொடுத்தும், மாட்டைத் தாமே ஓட்ட வேண்டியதாயிற்று. வழியில் குடிக்க நீரும் கிடைக்கவில்லை. தந்தையின் முகம் காண அச்சிறுவர் பட்ட பாடு அது!

1913ஆம் ஆண்டு பரோடாவில் பணியேற்ற சில நாட்களிலேயே தந்தையின் நோய்ச் செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் மறைந்தார். பின்னர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் அண்ணல் கல்வி பயின்ற ஆண்டுகளில், துணைவியார் இராமாபாய் அம்மையார் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். ஐந்து மக்களுள் நால்வர் இளமையிலேயே மாண்டனர். 1935ஆம் ஆண்டு மே மாதம் அம்மையாரும் மறைந்தார்.

இல்லத்தோடு இருக்கும் நேரத்தின் அருமையை இழந்து உணர்ந்தவர் அண்ணல். பம்பாய்ச் சட்ட மேலவையில் 1928ஆம் ஆண்டு பெண் தொழிலாளரின் பேறுகால உதவிக்கான மசோதாவை ஆதரித்து வாதாடினார். மறு ஆண்டு அது சட்டமாயிற்று.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டினால், பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்குவதற்கு இருந்த தடையை அரசு 1943இல் நீக்கியபோது கடும் கண்டனம் எழுந்தது. அம்முடிவுக்குச் சட்டமன்றத்தில் விடை கூறும் கடமையும் அவருடையதாயிற்று. 1946 பிப்ரவரியில் அத்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1945ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து உழைத்த ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்தோடு கூடிய 10 நாள் விடுமுறையை அளித்தது. 1946ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகவும், பருவகால ஆலைகளில் 60 மணியிலிருந்து 50 ஆகவும் குறைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 48 மணி நேரத்தையே வரம்பாகக் கொண்டது.

வாரத்திற்கு 6 மணி நேரம் என்பது சிறிதா? நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்! பிள்ளை உறங்குமுன் தந்தை வீடு திரும்பவும், பாடம் படிப்பதைத் தாய் அருகிருந்து கேட்கவும் அது போதும். பெற்றோர் மாலையில் அருகமரும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் தெளிவை மறுநாள் வகுப்பறையிலேயே யான் கண்டிருக்கிறேன்.

இளைஞர்களே! வேலை நேரத்தை வரையறுக்கும் சட்டம் வீட்டு வாசல்வரை நம்மைக் கொண்டு சேர்க்கும். உள்ளே சென்று பிள்ளையின் அருகில் அமர்வது நம் கடமை. தமக்குக் கிட்டாத அந்த நேரத்தை அண்ணல் பிறருக்கு ஈட்டித் தந்தார். அதனைச் சீட்டாட்டத்திலும் மதுவிலும் தொலைக்கலாமா? எவரேனும் பறிக்க வந்தால் வாளாவிருக்கலாமா? எண்ணிப் பார்ப்பீர்!